இறைவன் செயலும் எஞ்சியோர் குற்றமும்

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டு வேறொன்றாதல், வறுமையுறுதல் என இன்றைய நடையில் அவற்றை நாம் கூறலாம். வகுப்பறையில் மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும்போது இந்நான்கிற்கும் நான்கு வெவ்வேறு செய்யுள்களை உதாரணங் காட்டிச் செல்வது நமது வழக்கம். ஆனால், இந்நான்கும் ஒரே காலைப்பொழுதில், ஒரே பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 5,000 மக்கள்மீது ஒருங்கே வந்து விழுந்த வரலாறு ஒன்று உண்டு. அதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் லோகன் மாவட்டம் என்றொரு நிலக்கரி நாடு இருக்கின்றது. அங்கே பபலோ கிறீக் என்னும் சிற்றோடையின் கரையில், 17 மைல் நீளத்துக்கு, 16 சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன. மலைநாட்டு ஏழை வெள்ளையரும், தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களும், ஹங்கேரி, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பயின்றோர்க்கு லோகன் என்ற பெயர் புதியதன்று. 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் இறுதியில், தொழிற்சங்க உரிமைக்காக ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து வந்து பிளெயர் மலையிலே கம்பனிகளின் கூலிப்படையோடு பொருதது இம்மாவட்டத்தின் எல்லையிலேதான். கூட்டாட்சி அரசாங்கத்தின் படைகள் வந்த பின்னரே அப்போர் ஓய்ந்தது. சங்கம் அங்கு நிலைகொள்வதற்கு 1933 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் கிடைத்த நல்வாழ்வும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. இயந்திரங்கள் சுரங்கத்துள் இறங்கின. 1950க்கும் 1960க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மாநிலத்தின் சுரங்கத் தொழிலாளர் தொகை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வேலையிழந்தோர் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் தம் சிறு வீடுகளைத் தாமே விலைகொடுத்து வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டு, கிடைத்த வேலையை இறுகப் பற்றிக்கொண்டனர்.

வெட்டியெடுத்த கரியைக் கழுவி விற்பதே வழக்கம். கழுவிய கரிய நீரை எங்காவது விடவேண்டும். கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் எங்காவது கொட்டவேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் வழியொன்றைக் கம்பனி கண்டது. பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் கழிவைக் குறுக்கே கொட்டி அணைகளாக்கி, அவற்றின் பின்னே கழுநீரைத் தேக்கியது. அவற்றுள் மூன்றாவது அணையே பெரியது. கட்டடக்கலை அறிந்த எவரும் அதனை அணை என்று ஒப்புக்கொள்ளார், அது குப்பைமேடு. 1970இல் பபலோ மைனிங் கம்பனியை விலைக்கு வாங்கிய பிற்ஸ்ரன் கம்பனியின் தலைமையகம் நியூயோர்க்கில் இருந்தது. அங்கிருந்தோர் எத்தனைபேர் அம்மேட்டைக் கண்ணாற் கண்டிருப்பரோ, நாமறியோம்.

எச்சரிக்கை இல்லாமற் போயிற்றோ எனின், இல்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்னும் ஊரிலே நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பாடசாலையை மூடியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டனர். அதன் அதிர்ச்சியில் அமெரிக்க அரசாங்கமும் தன் நாட்டுக் கழிவுமேடுகளைப் பரிசோதிக்கப் புவியியல் அறிஞரை அனுப்பியது. அப்பரிசோதனையில் பபலோ கிறீக்கும் இடம்பெற்றது. அங்கு ஆபத்துண்டு என்பதும் எழுத்திற் பதிவாயிற்று. அறிக்கைகள் கோப்புகளுள் உறங்க, மேடு உயர்ந்துகொண்டே சென்றது.

1972 பெப்ரவரி 26, சனிக்கிழமை. பல நாள் மழையினால் நீர்மட்டம் அணையின் விளிம்பை எட்டியிருந்தது. மேற்குடியிருப்பு மக்கள் சிலர் இரவே அஞ்சி வெளியேறினர். மக்களை அப்புறப்படுத்த உதவலாம் என்று வந்த காவற்றுறையினரிடம், நிலைமை கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கம்பனி அதிகாரி கூறினார். காலை எட்டு மணியளவில் அணை உடைந்தது. 13 கோடி 20 இலட்சம் கலன் கரிய நீர் கீழிறங்கியது. நீர் என்று கூறுவதும் பொருந்தாது. கரிச்சேறும் பாறையும் மரமும் வீட்டுக்கூரையும் கலந்த ஒரு சுவர் அது. முதலில் நின்ற சோண்டர்ஸ் என்னும் குடியிருப்பு அடியோடு துடைக்கப்பட்டது. பின்னர் லொறாடோ, லண்டேல் எனக் கீழ்நோக்கிச் சென்ற வெள்ளம் ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் பள்ளத்தாக்கின் வாயை அடைந்தது. 125 பேர் இறந்தனர். 1,100க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 4,000க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கம்பனியின் தரப்பில் தரப்பட்ட விளக்கம் மிகச் சுருக்கமானது: இஃது இறைவன் செயல். ஆங்கிலச் சட்ட மொழியில் இத்தொடருக்குத் தனிப் பொருளுண்டு. மனிதர் எவரும் முன்னறிந்து தடுத்திருக்க இயலாத இயற்கை நிகழ்ச்சி என்பதும், ஆகவே எவரும் நட்டஈடு கொடுக்கவேண்டியதில்லை என்பதும் அதன் கருத்து. பள்ளத்தாக்கு மக்களோ பக்தியுடையவர். ஞாயிறுதோறும் தேவாலயஞ் செல்பவர். தம் இறைவன்மீது இக்கொலைப்பழி சுமத்தப்பட்டதை அவர்களாற் பொறுக்க முடியவில்லை. இறைவன் புல்டோசர் ஓட்டி மலைமேற் குப்பை தள்ளியதைத் தாம் கண்டதில்லையென அவர்கள் கசந்து சொன்னதாக அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. மதத்தை மக்களின் அபின் என்று மட்டும் கூறிப் பழகிய நாம் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கலாம். அன்று அம்மக்களின் இறைநம்பிக்கையே கம்பனிக்கு எதிரான முதற் சினமாக வெளிப்பட்டது.

ஆயினும், அச்சினம் பகற்பொழுதிற்கு உரியதாயிருந்தது. இரவு வேறு.

1973இல் அம்மக்களைச் சந்தித்தவர்களுள் றொபேட் ஜே லிவ்ரன் என்ற உளமருத்துவ அறிஞரும் ஒருவர். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களை ஆராய்ந்து 1968இல் நூலெழுதியவர் அவர். அங்குக் கண்டதையே இங்கும் கண்டார்: இறந்தோரின் காட்சி மனத்தைவிட்டு நீங்காமை, உணர்ச்சி மரத்துப்போதல், பிற மனிதரோடு ஒட்டமுடியாமை, நிகழ்ந்ததற்குப் பொருள் தேடி அலைதல், இவற்றோடு, தான் உயிரோடிருப்பதே குற்றம் என்னும் எண்ணம். மலைச்சரிவில் ஏறி நின்றவர்கள் தம் அயலவர் வீட்டோடு அடித்துச் செல்லப்படுவதைக் கண்டு நின்றனர். கை நீட்டினால் எட்டாத தூரம். கண்ணுக்கோ முகம் தெரியும் தூரம். ‘ஒரு நிமிடம் முன்னதாகக் கதவைத் தட்டியிருந்தால்’, ‘பிடித்த கையை விடாதிருந்தால்’ என்ற நினைவு அவர்களை ஆண்டுக்கணக்கில் அரித்தது. பழந்தமிழர் இரங்கற் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயரிட்டனர். செய்வதற்கு வழியற்ற நிலை என்பது அதன் பொருள். புலவன் அந்நிலையைப் பாடிக் கடந்தான். பாடத் தெரியாதவன் அதனைக் குற்றமாக மாற்றித் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொள்கின்றான். ‘என்னால் எதுவும் செய்ய முடியவில்லை’ என்பதைவிட ‘நான் செய்யத் தவறினேன்’ என்பது மனத்துக்கு எவ்வாறோ எளிதாய் இருக்கின்றது போலும்.

இங்கே ஒரு விந்தையான பங்கீட்டை நாம் காண்கின்றோம். குப்பைமேட்டை எழுப்பியவர்கள் தம்மிடம் குற்றமில்லை என்றனர். அதன்கீழ் வாழ்ந்தவர்கள் தாமே குற்றவாளிகள் என்று எண்ணி உறக்கமிழந்தனர். இலாபம் ஒரு பக்கமும் குற்றவுணர்வு மறுபக்கமுமாகப் பிரிந்தன. இன்னுமொன்று கூறலாம். அப்பள்ளத்தாக்கின் ஆண்கள் பலர் அதே கம்பனியிடம் வேலை செய்தவர்கள். மேடு உயர்வதைக் கண்டவர்கள். அதனை எதிர்த்துப் பேசினால் அடுப்பெரியாது என்பதையும் அறிந்தவர்கள். வாய் திறவாதிருந்ததும் பின்னர் அவர்களின் குற்றப்பட்டியலிற் சேர்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு. பசிக்கு அஞ்சிய மௌனத்தைக் குற்றம் என்று கூற நாம் துணியமாட்டோம்.

வீடிழந்தோர்க்கு அரசாங்கம் சக்கரவீடுகளைக் கொடுத்தது. பத்துக்கு மேற்பட்ட முகாம்கள் விரைவில் எழுந்தன. இதனை நன்றியோடு குறிப்பிடுதல் வேண்டும். ஆனால், வீடுகளைப் பங்கிட்ட அதிகாரிகள் யார் யாருக்கு அயலவர் என்று கேட்கவில்லை. முப்பதாண்டு ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு முகாம்களில் விழுந்தனர். மெல்லிய தகரச் சுவருக்கு அப்பால் அந்நியர் இருமுவது கேட்டது. காய் எரிக்ஸன் என்ற சமூகவியலறிஞர் 1976இல் வெளியிட்ட நூலில் இதனையே இரண்டாவது வெள்ளம்போலக் காட்டுகின்றார். தனிமனிதன் மனத்தில் விழும் அடி வேறு. மனிதரைப் பிணைக்கும் இழைகள் அறுவதால் ஒரு சமூகத்தின்மேல் விழும் அடி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது அடிக்கு மருந்து இரண்டாவதிலேதான் இருந்திருக்க வேண்டும். அயலவன் வந்து திண்ணையில் அமர்ந்து ‘நானும் பார்த்தேன், உன்னால் முடிந்திராது’ என்று கூறியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அந்த அயலவனைத்தான் காணவில்லை.

அவனுடைய இடத்தைப் போத்தலும் மாத்திரையும் பிடித்துக்கொண்டன. மழை பெய்யும் இரவுகளில் உடையைக்கூட மாற்றாது விழித்திருந்த மக்கள் அவர்கள். உறக்கத்துக்காகக் குடித்தனர்; நடுக்கத்துக்காக மாத்திரை விழுங்கினர். மதுவும் புகையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளும் வெள்ளத்தின் பின் அதிகரித்தன என்பதை அங்கு ஆராய்ந்த உளமருத்துவக் குழுவினர் பதிந்துள்ளனர். அஃது அமெரிக்கா முழுவதும் அமைதிக்குளிகை மலிந்திருந்த காலம். 1963இல் விற்பனைக்கு வந்த வலியம் அக்காலத்தில் அந்நாட்டிலேயே மிகுதியாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றாயிருந்தது. துயரத்தை ஊரார் கேளாத இடத்தில் மருந்துக்கடை கேட்டது எனலாம்.

குடியைப் பற்றி நாம் இருவகையாகப் பேசிப் பழகிவிட்டோம். ஒழுக்கவாதிகள் அதனைத் தனிமனிதனின் பலவீனம் என்பர். நம்மவரோ, ஏங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைபற்றி எழுதிய நூலைக் காட்டி, குடி சமூக நிலைமையின் விளைவு என்பர். இரண்டாவது கூற்று உண்மை. ஆனால், அவ்வுண்மையைச் சொல்லிவிட்டுச் சமூகம் மாறும்வரை குடிகாரனைக் காத்திருக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? அவன் மனைவியும் பிள்ளைகளும் அதுவரை எங்கே உண்பர்? முற்போக்காளராகிய நமது மேடைகளில் இக்கேள்வி போதிய அளவு எழுந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1935ஆம் ஆண்டு, ஒஹாயோ மாநிலத்து றப்பர்த் தொழில் நகரமான அக்றனிலே, குடிக்கு அடிமையான பங்குத்தரகர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை வைத்தியர் ஒருவரும் சந்தித்துப் பேசினர். பில் வில்சன், பொப் சிமித் என்னும் அவ்விருவரும் தொடக்கிவைத்த சங்கமே பின்னர் உலகெங்கும் கிளைத்த குடிநோயாளர் கூட்டுறவு. இருவரும் நடுத்தர வர்க்கத்தினர். அவர்களின் வழிமுறையில் மதவாடை உண்டு. பொருளாதாரத்தைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனினும், அதன் உயிர்நிலையை நாம் புறக்கணிக்க முடியாது. குடித்தவன் ஒருவன் இன்னொரு குடித்தவனிடம் ஒளிவின்றித் தன் கதையைச் சொல்கின்றான். தான் தீங்கிழைத்தவர்களின் பெயரைப் பட்டியலிட்டு, இயன்றவிடத்து ஈடு செய்கின்றான். அதாவது, மங்கலான குற்றவுணர்வு எண்ணக்கூடிய கடன்களாக மாறுகின்றது. எது தன் குற்றம், எது தன் குற்றமன்று என்று பிரித்தறிய அப்பட்டியல் உதவுகின்றது. பபலோ கிறீக்கிற் சிதைந்த அயலை இச்சங்கம் செயற்கையாக ஓர் அறைக்குள் மீண்டும் கட்டுகின்றது என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பள்ளத்தாக்கு மக்களுள் 600க்கு மேற்பட்டோர் தம் குற்றமன்று எது என்பதை நீதிமன்றத்தில் தேடினர். வாஷிங்ரனிலிருந்து வந்த சட்டத்தரணி ஜெரால்ட் ஸ்ரேர்ண் அவர்களுக்காக வழக்கை நடத்தினார். உடற்காயம், பொருட்சேதம் ஆகியவற்றோடு மனத்தின் ஊறும் நட்டஈட்டுக்குரியதே என்பது அவ்வழக்கின் வாதம். வெள்ளம் வந்த நேரத்தில் ஊரில் இல்லாதிருந்து பின்னர் வந்து பாழைக் கண்டவர்களும் வழக்காளிகளாயினர். எரிக்ஸனின் நூல் பிறந்ததும் இவ்வழக்கின் தேவைக்காகவே. 1974இல் கம்பனி 1 கோடி 35 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அது வெற்றியே. ஆயினும் அதில் ஒரு குறை தங்கியது. வழக்கு விசாரணைக்கு வராமலே தீர்ந்தமையால், கம்பனி எந்தச் சாட்சிக்கூண்டிலும் நின்று தன் குற்றத்தைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. பணம் கைமாறியது, பழி கைமாறவில்லை. மாநில அரசாங்கத்தின் கதை இன்னும் கேவலமானது. 10 கோடி டொலர் கேட்டு அது தொடுத்த வழக்கை, ஆளுநர் ஆச் மூர் 1977 ஜனவரியில், பதவி விலகுவதற்குச் சில நாள்களே இருக்க, 10 இலட்சம் டொலருக்கு முடித்துவைத்தார். இதே மூர் பிற்காலத்தில் மீண்டும் ஆளுநராகி, 1990இல் ஊழல் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார் என்பதையும் போகிறபோக்கில் குறித்துவைக்கலாம்.

உளமருத்துவர் பிற்காலத்தில் மீண்டும் அம்மக்களைத் தேடிச் சென்றனர். 1974இல் அவர்கள் ஆராய்ந்த முதியோருள் நூற்றுக்கு 44 பேரிடம் அதிர்ச்சியின் நோய்க்குறிகள் முழுமையாக இருந்தன. 1986இல் அது 28 ஆகக் குறைந்திருந்தது. குழந்தைகளாயிருந்தோர் இன்னும் நன்றாகத் தேறினர். மனிதர் மீள்கின்றனர் என்பதற்கு இது சான்று. பதினான்கு ஆண்டு சென்றும் நால்வருள் ஒருவருக்கு அந்தக் காலை இன்னும் விடியவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம், ஆனால், வரலாறு அம்மலைகளை அத்துடன் விடவில்லை. சுரங்கத்துள் முதுகொடிந்த தொழிலாளர்க்கு நோவகற்றும் மாத்திரை எப்போதும் தேவை. 1996இல் பேடியூ என்னும் மருந்துக் கம்பனி ஒக்ஸிகொன்ரின் என்ற அபின்வகை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதனால் அடிமைப்படும் ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர்க்குப் போதித்தது. அதன் முகவர் தேடிச் சென்ற இடங்களுள் முதன்மையானவை இத்தகைய நிலக்கரி நாடுகளே. பிற கம்பனிகளின் மாத்திரைகளும் வழிதொடர்ந்தன. எரிக் எயர் என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறாண்டுகளில் மொத்த வியாபாரிகள் மேற்கு வேர்ஜீனியாவுக்கு அனுப்பிய இருவகை அபின் மாத்திரைகள் 78 கோடி. ஆணும் பெண்ணும் குழந்தையுமாகத் தலைக்கு 433. அவ்விருவகை மாத்திரைகளால் அதே காலத்தில் 1,728 பேர் இறந்தனர். லோகனை அடுத்த மிங்கோ மாவட்டத்திலே, ஏறத்தாழ 400 பேர் வாழும் கேமிட் என்னும் சிற்றூரின் ஒரே மருந்துக்கடைக்கு இரண்டாண்டில் ஏறத்தாழ 90 இலட்சம் மாத்திரைகள் வந்திறங்கின. இக்கணக்கை எழுதியமைக்காக எயருக்கு 2017இல் புலிற்சர் பரிசு கிடைத்தது.

1972இன் வெள்ளமே இதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை, அது மிகையாகும். ஆனால், குற்றம் பங்கிடப்பட்ட முறையைக் கவனியுங்கள். பேடியூவின் தலைவராயிருந்த றிச்சர்ட் சக்லர், மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோரையே குற்றவாளிகளாக்கித் தாக்க வேண்டும் என்ற கருத்தை 2001இல் தம் கடிதமொன்றில் எழுதியிருந்தார். அது பின்னர் வழக்கொன்றின் வாயிலாக வெளிவந்தது. 1972இல் இறைவன் செயல். 2001இல் அடிமைப்பட்டவன் செயல். 2007இல் பேடியூ நீதிமன்றத்தில் தன் மருந்தைப்பற்றிப் பொய்யாக விளம்பரப்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன் அதிகாரிகள் மூவர் செலுத்தியதையும் சேர்த்து 60 கோடி டொலருக்கு மேல் தண்டம் கட்டியது. சிறை சென்றார் எவருமில்லை. மகனை இழந்த தாயோ, அவன் முதன்முதல் மாத்திரை கேட்ட நாளை நினைந்து தன்னையே நொந்துகொண்டிருப்பாள்.

மீட்சிக்கான வழிகளும் அங்கேயே தோன்றியுள்ளன. அபின்வகைக்கு அடிமையானோரை மெதடோன் என்ற மருந்தால் நிலைப்படுத்தலாம் என்பதை டோல், நைஸ்வாண்டர் என்னும் இரு மருத்துவர் நியூயோர்க்கில் 1965இல் காட்டினர். பியூப்ரனோபின் என்னும் பிறிதொரு மருந்துக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. இவை வேறொரு போதைதானே என்று முகஞ்சுளிப்போர் அங்கும் உளர். நீரிழிவு நோயாளியிடம் இன்சுலினைப் பற்றி அவ்வாறு சொல்லத் துணியமாட்டார்கள். மருந்து உடலைத் தாங்குகின்றது. குற்றவுணர்வைத் தாங்குவதற்கு இன்னொரு மனிதன் வேண்டும்.

அம்மாநிலத்து ஹண்டிங்ரன் நகரில் 2016 ஆகஸ்ட் 15ஆம் திகதி, ஒரே பிற்பகலில், ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்துக்குள், 26 பேர் போதை மிகுந்து வீழ்ந்தனர். அடுத்த ஆண்டின் இறுதியில் அந்நகரில் ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. போதை மிகுந்து மயங்கிப் பிழைத்தவரின் வீட்டை அக்குழு 72 மணித்தியாலத்துக்குள் தேடிச் செல்கின்றது. அதில் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் காவற்றுறையினர் ஒருவரும் இருப்பர். சிலவேளை மதகுரு ஒருவரும் சேர்வார். இவர்களோடு, போதையின் வழியை அறிந்து மீண்டவர்களுள் ஒருவரும் வருவார். கைதுசெய்வதற்கு அன்று அவர்கள் செல்வது; சிகிச்சைக்கு வருகின்றீரா என்று கேட்பதற்கே செல்கின்றனர். பல கதவுகள் முதல்நாளில் திறப்பதில்லை. திறவாத கதவுக்கு அவர்கள் மீண்டும் செல்கின்றனர்.